தொப்பையில் வரைந்த விலா எலும்புகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ரானுயிப் பகுதியின் அந்தப் பழைய மர மண்டபத்தின் முன் நவரத்தினம் காரை நிறுத்தியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பிரியாணிச் சட்டி. முன்சீட்டில் பொன்னாடை. பொன்னாடை அவருக்குத்தான். அவரே வாங்கியிருந்தார், மற்றவர்கள் வாங்கினால் நிறம் பிழைத்துவிடும்.

பக்கத்து ஹென்டர்சனில் வீட்டுக் கடன் எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கலைமன்றத் தலைவர் பதவி அவருடைய உயிர். நாடகம் முடிந்ததும் மன்றம் அவருக்குக் 'கலைச்சிகரம்' பட்டம் வழங்கவிருந்தது. எழுத்து, இயக்கம், நடிப்பு எல்லாம் அவர். பட்டத்தைச் சிபாரிசு செய்த குழுவுக்குத் தலைவரும் அவர்.

கதை மட்டும் இரவல். ஒப்பனை போடும் சாந்தகுமாரி மலேசியாக்காரி. அவளுடைய அப்பாவழிக் கொள்ளுத்தாத்தா மாரிசாமி தோட்டத்து நாடகங்களில் ராஜபார்ட். யுத்தத்தில் ஜப்பானியர் பிடித்துப்போய் சயாம் ரயில்பாதை முகாமில் அடைத்தார்கள். அங்கே நடித்துக் காட்டினால் ஒரு பிடி சோறு. கடைசி நாடகத்தில் காய்ச்சலோடு மேடையில் விழுந்து, தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினார். என்ன நடிப்பு என்று அதிகாரிகள் கைதட்டினார்கள். கைதட்டல் நின்றபோது உயிரும் நின்றதாம். அவருக்குக் கல்லறையும் இல்லை, புகைப்படமும் இல்லை.

"படம் இல்லாட்டி என்ன? என்ர படத்தை வைப்பம்" என்று நவரத்தினம் முடிவு செய்திருந்தார்.

கன்னத்தில் கரி பூசி, கண்ணைக் குழியாக்கி எடுத்த அவருடைய படம் வாசலில் நின்றது. மாலை. குத்துவிளக்கு. கீழே 'அமரர் மாரிசாமி.'

சாந்தகுமாரி அதைப் பார்த்ததும் ஒப்பனைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கிள், உயிரோட இருக்குற ஆளு படத்துக்கு மாலை போடக்கூடாது லா. விளக்கு வேற ஏத்திட்டீங்க."

"அது நானில்லைப் பிள்ளை, மாரிசாமி. நடிப்பெண்டால் என்னெண்டு உங்களுக்கு விளங்காது."

"செத்தவருக்கு விளங்கணுமே."

அவர் சிரித்தார். தொப்பையும் சேர்ந்து சிரித்தது.

ஒப்பனை அறையில் அந்தத் தொப்பையின்மேல் அவள் பழுப்புப் பென்சிலால் விலா எலும்புகள் வரைந்தாள். பட்டினி கிடந்து செத்தவராக நடிக்கவேண்டியவர் மடியில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தட்டு காலியானது. மறுபடி போட்டார். மறுபடி காலியானது.

"பிள்ளை, பசிக்குது."

"இப்பதானே சாப்பிட்டீங்க?"

"ஓம். ஆனா பசிக்குது."

வெளியே ரயில்பாதைப் பக்கம் சம்மட்டிச் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு. வார இறுதியில் ரயிலை நிறுத்தித் தண்டவாளம் திருத்துவது ஆக்லாந்தில் வழமைதான். சாந்தகுமாரி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

பாதையில் யாரும் இல்லை. மழை மட்டும்.

சத்தம் நிற்கவில்லை. பிரியாணி வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. ஆற்றுச் சேறு. சீழ் பிடித்த புண்.

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வலப்பக்கம் இன்னும் வரையவில்லை.

வலப்பக்கத்திலும் எலும்புகள் இருந்தன.

விரலால் தொட்டாள். பென்சில் கோடு அல்ல.

"அங்கிள், மாலையைக் கழட்டிடுவோம். படத்தை எடுத்து, அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க. இப்பவே."

நவரத்தினம் தன் வயிற்றைப் பார்த்தார். அது தொங்கிப்போயிருந்தது, காலிப் பைபோல. முதல்முறையாக அவர் முகத்தில் நடிக்காத ஓர் உணர்ச்சி தெரிந்தது. வாசலை நோக்கி ஓரடி வைத்தார்.

அந்த நேரம் ஒலிபெருக்கியில், "இதோ, நம் கலைச்சிகரம்..."

கால் திரும்பிவிட்டது.

"நாடகமும் பட்டமும் முடியட்டும். பிறகு கழட்டு" என்று சொல்லிவிட்டு அவர் மேடையேறினார்.

சாந்தகுமாரி வாசலுக்கு ஓடி மாலையை இழுத்தெறிந்தாள். விளக்கு அசையாமல் எரிந்தது.

படச் சட்டத்துக்குள் யாரும் இல்லை.

உள்ளே கைதட்டல் வெடித்தது. அவள் திரும்பி ஓடி வந்தபோது நவரத்தினம் மேடையில் விழுந்து கிடந்தார். கை, கால் எல்லாம் குச்சி. உதடு வெடித்திருந்தது. எழுதிவைத்த வசனம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"தண்ணி... பிரியந்தி, தண்ணி தாவனடி... இது நடிப்பில்லையடி..."

முன்வரிசையில் அவர் மனைவி பிரியந்தி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்கோ, வீட்டில இப்பிடி உருக்கமா ஒருநாளும் என்னோட கதைச்சதில்லை" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

சபை எழுந்து நின்றது. தட்டத் தட்ட அவர் மெலிந்தார்.

"கைதட்டாதீங்க! நிறுத்துங்க!" என்று சாந்தகுமாரி அலறினாள்.

நல்ல சபை. சொன்னதும் நிறுத்திவிட்டது.

அந்த அமைதியில் நவரத்தினத்தின் மூச்சு ஒருமுறை இழுத்தது. பிறகு இல்லை.

அப்போதுதான் அவளுக்குக் கதையின் முடிவு ஞாபகம் வந்தது.

சபையில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. மேடைக்கு ஓடிவந்தவர், பல மாதம் பட்டினி கிடந்த உடம்பு என்றார். பொன்னாடை வீண்போகவில்லை. அதைத்தான் மேலே போர்த்தினார்கள்.

முப்பத்தோராம் நாள் அதே மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். வாசலில் இருந்த படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். "அண்ணை நல்லா வந்திருக்கிறார்" என்று எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சாந்தகுமாரி மட்டும் நின்று பார்த்தாள். அன்று காலியாக இருந்த சட்டத்துக்குள் இப்போது ஆள் இருந்தது. படத்திலிருந்தவருக்கு நல்ல தொப்பை. அதில் பழுப்புப் பென்சில் கோடுகள். உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை. மூக்கு, அவளுடைய அப்பாவின் மூக்கு.

புதிய தலைவர் யேசுராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். "அடுத்த நாடகம், சிறைமுகாமில செத்துப்போன ஒரு கவிஞரைப் பற்றி. நான்தான் கவிஞர். அவற்ற படம் ஒண்டும் கிடைக்கேல்லை. பரவாயில்லை, என்ர படத்தை வைப்பம்."

சபை கைதட்டியது. பிறகு நிறுத்தியது.

படம் மாட்டிய சுவர்ப்பக்கத்தில் மட்டும் கைதட்டல் நிற்கவில்லை.