ஷோகேஸில் வைத்த பட்டம்

பாண்டி பஜார் முனையில் நின்ற பஸ்ஸின் பலகையைச் சண்முகவடிவால் படிக்க முடியவில்லை. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்துகள் இருந்தன. கறுப்பாக, தெளிவாக, முகம் தெரிந்து பெயர் மறந்துபோன ஆட்களைப் போல. பக்கத்திலிருந்த பூக்காரியிடம் கேட்டாள்.

"படிச்ச பொண்ணாட்டம் கீறே, என்னாண்ட வந்து கேக்கறியே!"

சண்முகவடிவு, பி.ஏ. அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். நாளை, திங்கட்கிழமை, அரசாங்க வேலையில் சேர வேண்டும். பட்டத்தின் அசலைக் காட்டினால்தான் வேலை. அசலோ மாமனார் ராஜரத்தினத்தின் கூடத்தில், ஷோகேஸுக்குள் பூட்டிக் கிடந்தது.

அடையாறில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவர் விட்டுப்போன புத்தகத்தில் படம் பார்த்து மாமனார் தேக்கில் செய்யச் சொன்னது அது. ஷேக்கர்கள் என்ற சாமியார் கூட்டத்தின் பாணியாம். செதுக்கல் கிடையாது, பூவேலை கிடையாது. நேரான சட்டம், மரக்குமிழ், கண்ணாடிக் கதவு. பகட்டு பாவம் என்று நம்பியவர்களின் அலமாரியில்தான் இந்த வீடு தன் மருமகள்களை அடுக்கியது. கீழ்த்தட்டில், ஓரகத்தி தங்கம் பாட்டுப் போட்டியில் வாங்கிய வெள்ளிக் கோப்பை. மேல்தட்டில், சட்டம் போட்ட வடிவின் பட்டம்.

"அத்தை, ஷோகேஸ் சாவி வேணும்."

பேச்சியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "சாயந்திரம் விருந்தாளுங்க வாராங்க. அவங்க பாக்காண்டாமா?"

"நாளைக்கு வேலைல சேரணும், அத்தை."

மாமனார் சிரித்தார். "கடை வாசல் பொம்மைக்குப் பட்டுச் சேல கட்டுதோம். அதுக்காவ அது வந்து கல்லாவுல உக்காருமா?"

கணவன் வைரவன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அடுப்படியில், மசாலா டப்பாக்களில் தானே எழுதி ஒட்டிய சீட்டுகளை அவள் வெறித்துக்கொண்டிருந்தபோது தங்கம் அருகில் வந்தாள். ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"கோப்பைய உள்ள வெச்ச மறுவாரமே எனக்குப் பாட்டு போயிட்டு. இப்ப அது அங்கனதான் கேக்கும். ஒனக்கு என்ன போச்சு?"

சாயந்திரம் எல்லோரும் விருந்தாளிகளை அழைத்துவர மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கரண்ட் போனது. விசிறியின் முனகல் அடங்கியதும் வார்னிஷும் தேக்கும் புழுங்கிய காகிதமும் கலந்த வாடை கூடம் முழுக்க நிறைய, அந்த வாடைக்குள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு யாரோ ராகம் இழுப்பதுபோல, மரம் மெல்ல இரைந்தது.

வடிவு அம்மிக் குழவியை எடுத்தாள். ஓங்கினாள்.

கண்ணாடி உதிர்ந்தது. கை கிழிந்தது. சட்டத்தைப் பிய்த்துக் காகிதத்தை ஜன்னலருகே கொண்டுபோனாள். கோடுகள். வெறும் கோடுகள். இதில் தன் பெயர் எது?

பின்னால், காலியான மேல்தட்டில், ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. திருத்தமான இங்கிலீஷ். ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாக நின்று பழகிய உச்சரிப்பு.

அவள் குரல்.

வாசலில் டாக்ஸி நின்றது. கண்ணாடித் தூள் நொறுங்க மிதித்துக்கொண்டு வந்து எல்லோரும் ஷோகேஸுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் அரிக்கேன் விளக்கை அதன் முன்னால் வைத்தாள்.

"பேரு என்னம்மா?" விருந்தாளி அம்மாள் ஷோகேஸைப் பார்த்துக் கேட்டாள்.

"சண்முகவடிவு, பி.ஏ.," என்றது மேல்தட்டு.

"என்ன அடக்கம், என்ன குரல்!"

"நான் இங்க இருக்கேன்!" வடிவு கத்தினாள். யாரும் திரும்பவில்லை. வைரவன்கூட. மாமியார் மட்டும், முகத்தைத் திருப்பாமலே, பின்னால் கையை நீட்டினாள்.

"ஏட்டி, காப்பி கொண்டா."

விருந்தாளி ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். காலித் தட்டில் வடிவு சிரித்தாள், அடக்கமாக, எல்லோரும் கூடச் சேர்ந்து சிரிக்கும்வரை.