இடப்பக்கச் சாய்வு

நேற்று மாலை தையல்காரர் நேராக வெட்டிவிட்ட ரோஜாக் கிளைகள் அத்தனையும் இன்று காலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. பதினோரு செடியிலும் இடப்பக்கச் சாய்வு.

"மொட்டு வர்ற கணுவுக்கு மேல சாய்வா வெட்டணும்னு எத்தன தடவ சொல்றது? நேரா வெட்டினா தண்ணி நின்னு அழுகிடும்," என்று நர்சரிக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் துணியை நூல் பிடித்தாற்போல் வெட்டிய கை சாய்வுக்கு வளைய மாட்டேன் என்றது. மனைவி போய் எட்டு மாதம். அவள் தொட்டாலே பூத்த செடிகள், இவர் முட்டையோடும் எலும்புத்தூளும் போட்டுத் தலைகீழாக நின்றும் ஒரு மொட்டு விடவில்லை. பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் வேறு போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வர்றேன்ப்பா. அம்மா செடி பூத்திருந்தா நீங்க தனியா சமாளிக்கிறீங்கன்னு நம்புறேன். இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு என்னோட வந்துடணும்."

அவருக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமே இல்லை.

கேட் பூட்டியபடியே இருந்தது. சமையலறை ஆணியில் மனைவியின் கத்தரி தொங்கியது. இடதுகைக்காரியான அவளுக்கென்று அவரே தேடி வாங்கிக் கொடுத்தது. அதன் அலகில் பச்சைச் சாறு ஈரமாக ஒட்டியிருந்தது. துடைத்து, தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். மறுநாள் அது ஆணிக்கே திரும்பியிருந்தது.

நாலே நாளில் செடிக்கொரு மொட்டு. சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"செத்த பிறகுமா என்னை நம்பல நீ?" என்று காலி சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"பழசக் கழிச்சாத்தான் புதுசு துளிர்க்கும். உங்களையும் ஒருநாள் கழிச்சு விடணுங்க," என்று உயிரோடு இருந்தபோது செடி கழிக்கையில் சிரித்துக்கொண்டே சொல்வாள் அவள். சனிக்கிழமை விழித்தபோது அவருடைய பத்து நகமும் வெட்டப்பட்டிருந்தன. இடப்பக்கமாகச் சாய்த்து.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, மகளுக்காக ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். ரோஜா வாசம் உள்ளே வந்து தங்கியது. அதற்குள்ளே அவள் தலைமுடியின் எண்ணெய் வாசமும் கலந்திருக்க, இமை தானாகக் கனத்து மூடிக்கொண்டது. தோட்டத்தில் கத்தரிச் சத்தம். பிறகு வாசற்படியில். ஹாலில். கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில். சில்லென்று ஏதோ விரலைத் தொட்டது.

வலிக்கவே இல்லை.

கேட் திறந்தது. "அப்பா, எல்லாச் செடியும் பூத்திருக்கு," என்றது மகளின் குரல். "நீங்க இங்கயே இருங்கப்பா. இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்."

அவர் கண் திறந்து, குனிந்து நாற்காலிக் கையில் கிடந்த தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரல் இரண்டாவது கணுவுக்கு மேல் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெட்டு இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, தோலைப் பிளந்துகொண்டு, பட்டாணி அளவில் ஒரு பச்சை மொட்டு.