ஐம்பதாவது அடியில் ஒரு முக்கோணம்

டிரிங்ங்ங்... டிரிங்ங்ங்...

கன்ட்ரோல் ரூமில் பதினாலாம் நம்பர் விளக்கு சிவப்பாய்த் துடித்தது.

பகல் மணி பன்னிரண்டு நாலு.

ஆபரேட்டர், வாயில் இருந்த பிஸ்கட்டை அவசரமாய் விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

“எக்ஸ்பிரஸ்வே கன்ட்ரோல் ரூம். சொல்லுங்க.”

“மேடம்... நான் பால் வேன் டிரைவர். நடுப்பாதையில கம்பத்துல இருக்கிற போன்லேருந்து பேசறேன். இங்க ஒரு கார் நிக்குது மேடம்!”

“பிரேக் டவுனா?”

“கார் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிறவர்தான்...”

“தூங்கறாரா?”

“கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு யாராவது தூங்குவாங்களா மேடம்? பின்மண்டையெல்லாம் ரத்தம்! ஆள் காலி!”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“நீங்க எதையும் தொடாதீங்க... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நல்ல நேரம் மேடம். காருக்கு ஐம்பது அடி முன்னாலயே சிவப்பு முக்கோணம் வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்துட்டு பிரேக்கை மிதிச்சேன். இல்லேன்னா வளைவுல நேராப் போய்ச் சொருகியிருப்பேன்!”

நகரத்தின் நடுவிலிருந்து புறநகர் வரை பத்தொன்பது கிலோமீட்டருக்கு அந்த எக்ஸ்பிரஸ்வே தூண்களின் மேல் ஓடுகிறது. போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம். நடுவில் இருபுறமும் சுவர் எழுப்பிய ஒற்றைப் பாதை ஒன்று. அதுதான் நடுப்பாதை. அங்கங்கே கம்பத்தருகே கீழே இறங்க அவசரப் படி உண்டு. அது கட்சி மாறும் பாதை! காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காக நகரத்தை நோக்கி ஓடும். பகல் பன்னிரண்டுக்கு மேல் புறநகரை நோக்கி ஓடும்.

பதினோரு மணிக்கு இரண்டு முனையிலும் கேட்டை மூடுவார்கள். ஒரு ஜீப், புறநகர் முனையிலிருந்து நகர முனை வரை வந்து, உள்ளே வண்டி எதுவும் மிச்சம் இல்லை என்று பார்க்கும். பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை.

“க்ளியர்!”

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு மணிக்கு நகர முனை கேட் திறக்கும்.

இன்றைக்கும் பதினொன்று இருபதுக்கு ‘க்ளியர்’ வந்தது. பன்னிரண்டுக்குக் கேட் திறந்ததும் முதலில் நுழைந்தது பால் வேன். அதை அவளே திரையில் பார்த்தாள்.

அப்படியானால் இந்தக் கார் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதித்ததா?

அவள் கண் வயர்லெஸ்ஸின் பக்கம் போனது. காரணம் இருந்தது.

‘க்ளியர்’ சொன்ன ஜீப் டிரைவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்!

*

அரை மணி நேரத்தில் கன்ட்ரோல் ரூமுக்குள் இன்ஸ்பெக்டர் நுழைந்தார். பின்னாலேயே ஒரு கான்ஸ்டபிள். இருவருக்கும் வழிகாட்டியபடி மேலாளர்.

மேலாளரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ரூல்ஸ்’ என்றால் போதும். தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்டாஃப் வண்டிகள் முப்பத்தொன்றின் டிக்கியையும் திறக்கச் சொல்லி, உள்ளே சிவப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்கிற மனிதர். நின்றுகொண்டிருக்கும் காரில் உட்கார்ந்தால்கூட சீட் பெல்ட் போடுவார். இருபத்திரண்டு வருடத்தில் எதிர்த்திசையில் ஓர் அங்குலம் ஓட்டியதில்லை என்று அவரே பத்து தடவை சொல்லியிருக்கிறார்.

“வயர் தடுக்கப் போகுது, காலைப் பார்த்து வைங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

“செத்தது யாரு?”

“எங்க எஞ்சினியர் சார். சின்ன வயசு. பத்து மணிக்கு என் ரூம்ல பேசிட்டிருந்தாரு. புறநகர்ப் பக்கம் தூண் பார்க்கணும்னு கிளம்பினாரு. வேலையை முடிச்சுட்டு பதினோரு மணிக்குக் கேட் மூடறதுக்குள்ள நடுப்பாதையில திரும்பியிருக்கணும்.”

“கேமரா?”

“பதினாலாம் கம்பத்துக் கேமரா ரெண்டு நாளா ரிப்பேர். கேட் கேமராவுல அப்பப்போ பார்க்கலாம், பதிவாகாது. எழுதிக் கேட்டிருக்கேன் சார். மூணு தடவை!”

“அதாவது... கடைசியா உள்ள நுழைஞ்சது எஞ்சினியர் கார். அதுக்குப் பின்னாடி போனது ஜீப் மட்டும்தான். அப்புறம் பன்னிரண்டு வரைக்கும் ஈ, காக்கா நுழையலை.”

“நான் யாரையும் குத்தம் சொல்லலை சார்,” என்றார் ரூல்ஸ், குரலைத் தாழ்த்தி. “ஆனா நேத்து எஞ்சினியர் அந்த ஜீப் டிரைவரை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. ஒழுங்காப் பார்க்காம க்ளியர் சொல்றேன்னு. வேலையை விட்டே தூக்கிடுவேன்னாரு.”

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டை அவளும்தான் கேட்டாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தாள்.

“அந்த டிரைவரைக் கூப்பிடுங்க!”

*

அண்ணன் வந்தான். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்தான்.

“பதினோரு மணியிலேர்ந்து எங்கேய்யா இருந்தே?”

“ம்...”

“ம்-னா?”

“ஜீப்ல... சார்...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“பதினாலாம் கம்பத்துல கார் நின்னுதா, இல்லையா?”

அவன் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டான். வியர்த்துக் கொட்டியது.

“நின்னுதுன்னா நீ பொய் சொல்லியிருக்கே. நிக்கலைன்னா உனக்கப்புறம் எப்படி வந்துது? ஏதாவது ஒண்ணு சொல்லு!”

கான்ஸ்டபிள் சட்டென்று கைக்குட்டையைப் பிடுங்கினார்.

“சார்... ரத்தம்!”

வெள்ளைத் துணியில் பச்சை ரத்தம்!

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார். “வாயைத் திறக்க மாட்டேங்கறான். கைக்குட்டை திறந்துடுச்சு. கூட்டிட்டுப் போங்க!”

“சார்!” ஆபரேட்டர் குறுக்கே வந்து நின்றாள். “ஒரே ஒரு நிமிஷம்... நான் அவர்கிட்ட பேசிக்கறேன். என் அண்ணன் சார்.”

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தாம்மா.”

அவள் அண்ணனை ஜன்னலோரம் இழுத்துப் போனாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அதைவிட முட்டியது.

“உண்மையைச் சொல்லுண்ணா. நீயா செஞ்சே?”

அவன் வேகமாகத் தலையாட்டினான்.

“அப்ப அந்த ரத்தம்?”

அவன் வாயைத் திறந்தான். கடைவாயில் ஒரு பஞ்சு உருண்டை. ஒரு பல்லுக்கு உரிய இடத்தில் ஒரு குழி!

“பல் டாக்டர்...” பஞ்சைத் தள்ளிக்கொண்டு முனகினான். “நாலு நாளா உயிர் போற வலி. பாதி வழியில ஒரு சின்ன கேட் இருக்கே... அது வழியா பதினொண்ணு பத்துக்கே இறங்கிட்டேன். டாக்டர் வாசல்லேர்ந்துதான் க்ளியர் சொன்னேன்.”

“அடப்பாவி! பாக்காமலேயேவா? எத்தனை உயிர்ணா!”

“அதான் சொல்ல முடியலை. மூணு மாசத்துக்கு முன்னாடி அந்த ஆக்சிடென்ட் நடந்ததிலேர்ந்து, பொய் க்ளியர் சொன்னா வேலையும் போகும், ஜெயிலும் உண்டுன்னு ரூல்ஸ் ஆர்டர் போட்டிருக்காரே.”

அந்த ஆக்சிடென்ட்! நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. நடுப்பாதையில் ஒரு காரும் லாரியும் நேருக்கு நேர். காரில் இருந்த அம்மாவும் பத்து வயது மகளும் அங்கேயே முடிந்து போனார்கள். கேட் மூடிய பிறகு கார் அத்துமீறி நுழைந்ததாக ரிப்போர்ட் எழுதி ஃபைலை மூடினார்கள்.

“உண்மையைச் சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா நீயே போயிடுவேண்ணா! நான் சொல்லத்தான் போறேன்.”

“நம்புவாங்களா?”

அவளே முழுதாக நம்பவில்லை. பல் டாக்டர் பத்து நிமிடத்தில் பல்லைப் பிடுங்கியிருந்தால்? ஜீப் திரும்பவும் மேலே ஏறியிருந்தால்?

*

“ஏம்மா, நிமிஷம் முடிஞ்சுது!”

“டாக்டர் நம்பர் தரேன் சார், விசாரிங்க...” நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

ரூல்ஸின் முகம் ரத்தச் சிவப்பானது.

“பாதையைப் பார்க்காமலே க்ளியர் சொன்னியாடா? உன்னை நம்பித்தானேடா கேட்டைத் திறக்கறோம்? மனுஷனாடா நீ?” உண்மையாகவே அவருக்குக் கோபம்.

கான்ஸ்டபிள் போனோடு வெளியே போனார். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது அவளுக்கு. பதிவேட்டை இழுத்தாள். பாதையில் எந்த வண்டி நின்றாலும் எழுத வேண்டும். நேரம், கம்பம், வண்டி. கடைசிக் கட்டத்தில் ஓர் அம்புக்குறி. வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்பதற்கு.

அம்பைப் போட்டாள். புறநகரைப் பார்த்து.

பேனா நின்றது.

மேலே காலையில் எழுதிய நான்கு வரிகள். நான்கு அம்புகளும் நகரத்தைப் பார்த்து.

“சார்...” என்றாள், மெதுவாக. “எஞ்சினியர் கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?”

“புறநகர்ப் பக்கம். பால் வேன் போற பக்கம்தானே? அதுக்கென்ன இப்போ?”

“இப்போ நடுப்பாதை அந்தப் பக்கம் ஓடுது சார். அதனாலதான் யாருக்கும் உறுத்தலை. ஆனா காலையில அவர் புறநகர்லேருந்து திரும்பி வந்திருந்தா, கார் நகரத்தைப் பார்த்துல்ல நிக்கணும்?”

இன்ஸ்பெக்டரின் கை மீசையிலேயே உறைந்தது.

“திருப்பியிருப்பான்...”

“ரெண்டு பக்கமும் சுவர் சார். அங்க ஸ்கூட்டரைக்கூடத் திருப்ப முடியாது. அந்தக் கார் நகர முனை கேட் வழியாத்தான் வந்திருக்கு. பதினோரு மணிக்கு அப்புறம். கேட்டைக் கைச்சாவி போட்டுத் திறந்தா மெஷின்ல பதிவாகாது.”

“கைச்சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“ஒண்ணு ஜீப்ல. இன்னொண்ணு...”

அவள் முடிக்கவில்லை. கான்ஸ்டபிள் உள்ளே வந்தார்.

“சார், பல் டாக்டர் சொல்றாரு, பதினொண்ணு இருபதுலேர்ந்து பன்னிரண்டு மணி வரைக்கும் இவன் அவர் நாற்காலியிலதான் இருந்தானாம். அவர் விரலை வேற கடிச்சுட்டானாம். ஜீப் வாசலை அடைச்சு நின்னுதுன்னு மருந்துக்கடைக்காரர் சண்டையே போட்டாராம்!”



ஆபரேட்டர் ரூல்ஸ் பக்கம் திரும்பினாள். “இன்னொரு கைச்சாவி உங்ககிட்ட. பதினொண்ணு இருபத்தஞ்சுலேர்ந்து பத்து குறையப் பன்னிரண்டு வரைக்கும் எனக்கு ரெஸ்ட். அப்ப இந்தச் சீட்டுல இருந்தது நீங்க. இல்லையா சார்?”

“ஆமா. இங்கேயேதான் இருந்தேன்,” என்றார் ரூல்ஸ். “என் மேலயே சந்தேகமா? ஆதாரம் இருக்கா?”

“அந்த முக்கோணம் சார்.”

“எந்த முக்கோணம்?”

“கொலை பண்ணிட்டு ஓடறவன், காரை நிறுத்திட்டு ஐம்பது அடி எண்ணி நடந்து, பின்னாடி வரவனுக்கு முக்கோணம் வெச்சுட்டுப் போவானா?” அவள் ஸ்டாஃப் வண்டிப் பதிவேட்டைப் பிரித்தாள். “எஞ்சினியர் சார் முக்கோணமே வெச்சுக்க மாட்டாரு. நீங்க தினமும் அதுக்காக அவரோட சண்டை போடுவீங்க. இன்னிக்குக் காலையில பதிவேட்டுல அவர் காருக்கு நேரா ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த வரியில உங்க கார்... ‘உண்டு’. உங்க கையெழுத்து.”

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் ரூல்ஸின் காரைப் பார்க்கக் கீழே ஓடினார். ரூல்ஸ் மேஜையில் கோணலாய்க் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

மூச்சு வாங்க வந்தார் கான்ஸ்டபிள்.

“டிக்கியில முக்கோணம் இல்லை சார். இரும்பு ஜாக்கி இருக்கு. பளபளன்னு கழுவி வெச்சிருக்கு!”

ரூல்ஸ் நாற்காலியில் சரிந்தார்.

“அந்த அம்மாவும் பொண்ணும்... அத்துமீறி வரலை,” என்றார், யாரையும் பார்க்காமல். “உள்ளதான் இருந்தாங்க. அன்னிக்கு க்ளியர் வர லேட்டாச்சு. நான்தான் அவசரப்பட்டு, அது வர்றதுக்கு முன்னாடியே கேட் பட்டனை அழுத்திட்டேன். அஞ்சே நிமிஷம். இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை! எஞ்சினியர் மெஷின்லேர்ந்து நேரத்தை எடுத்துட்டான். நாளைக்கு எல்லாருக்கும் சொல்லிடுவேன்னு என் ரூம்ல நின்னான். கெஞ்சினேன். கார் பார்க்கிங் வரைக்கும் பின்னாடியே போய்க் கெஞ்சினேன்...”

“அப்புறம் ஜாக்கி,” என்றார் இன்ஸ்பெக்டர். “எஞ்சினியர் காரை நீங்களே மேல ஓட்டிட்டுப் போய், பழியை ஜீப் டிரைவர் தலையில போட்டுட்டு, பதினாலாம் கம்பத்துப் படியில இறங்கி வந்துட்டீங்க. காரை நகரத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தா நாங்க ஏமாந்திருப்போமே சார்?”

“பதினோரு மணிக்குக் கேட் மூடிட்டா, அடுத்து பாதை புறநகர்ப் பக்கம்தான் சார். காரை எதிர்த்திசையில பார்க்க வெச்சு ரிவர்ஸ்ல ஓட்ட... என்னால முடியலை.”

“முக்கோணம்?”

அவர் கண்கள் நிரம்பின. “வளைவு சார் அது. பன்னிரண்டு மணிக்கு முதல் வண்டி வரும். அதுலயும் ஒரு குழந்தை இருந்தா?”

ஆபரேட்டருக்கு அந்த ஆளை வெறுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பதிவேட்டைத் திருப்பினாள். ‘11.20 க்ளியர்’ என்பதற்குப் பக்கத்தில் பேனா தயங்கியது. அண்ணனைப் பார்த்தாள். பால் வேன் டிரைவரையும் நினைத்துப் பார்த்தாள்.

“எழுதிடும்மா,” என்றான் அண்ணன், பஞ்சுக்குள்ளிருந்து. “வேலை போனாப் போகட்டும்.”

‘பார்க்காமல் சொன்னது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் போலீஸ் ஜீப் உறுமியது. பின் சீட்டில் ரூல்ஸ். விலங்கு மாட்டிய கைகள் தோளுக்கு மேலே எதையோ தேடித் தேடி, எட்டாமல் விழுந்தன.

“சார்...” என்றார் தயக்கமாக. “பெல்ட்...”

இன்ஸ்பெக்டர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“போட்டுவிடுய்யா கான்ஸ்டபிள்! சாரை முழுசாக் கொண்டு போய்ச் சேர்க்கணும்... அதுவும் ரூல்ஸ்தான்!”