நாற்பத்தொன்றாவது காய்ச்சல் தாள்

திங்கட்கிழமை மாலை அவள் சாதாரணக் கரும்பென்சிலால் எழுதி வைத்துவிட்டுப் போனது, செவ்வாய்க்கிழமை காலையில் ஊதா நிறத்தில் இருந்தது.

பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ‘ஆண்’ என்று ஒரு சொல், வயது 44, எடை 81. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிப் பார்த்தாள். அது கறுப்பாகத்தான் எழுதியது.

அந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவள் ஆவணக் காப்பாளர். பள்ளிக்கு நூறு வயது நிறைய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் ஒரு வரலாற்று நூலும் ஒரு கண்காட்சியும் தயாராக வேண்டும், இரண்டும் அவள் தலையில்தான் விழுந்திருந்தன. நூலில் மிக நீளமான அத்தியாயம் ‘நாற்பத்தொருவர் ஆய்வு’. பள்ளியைத் தொடங்கிய முதல் தலைவர், இலவச வார்டில் கிடந்தவர்களில் நாற்பத்தொரு பேருக்குத் தானே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சலை ஏற்றி, அது உடம்பில் எப்படி ஏறி இறங்குகிறது என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கத் திட்டமிட்டார். பள்ளியின் பெயரும் புகழும் அந்த ஆய்வின்மேல்தான் நின்றன. நாற்பது தாள்கள் இரும்பு அலமாரியில் இருந்தன. நாற்பத்தொன்றாவது தாளில் எண்ணும் கட்டங்களும் மட்டும் அச்சாகியிருந்தன. அதை நிரப்புவதற்குள் தலைவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உண்மையான நோயாளியின் தாளைக் கண்காட்சிச் சுவரில் மாட்டக்கூடாது என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் காலித் தாளையே மாதிரிக்கு நிரப்பி, படம் எடுத்துக்கொண்டு அழித்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஆவண அறைக்குள் பேனாவுக்கு இடமில்லை. பென்சில் என்றால் அழித்துவிடலாம், தாளுக்குச் சேதமில்லை. பதினைந்து வருஷமாக அந்த ஒரு நம்பிக்கையில்தான் பழைய காகிதங்களில் கை வைத்து வந்தாள். தாளில் பெயருக்கு இடமே கிடையாது. ஆணா பெண்ணா, வயது, எடை, அவ்வளவுதான். யாருடையதைப் போடுவது என்று யோசித்தபோது கணவர் நினைவுக்கு வந்தார். முந்தின நாள்தான் அவர் எடை பார்க்கும் மெஷினைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, “எண்பத்தொண்ணாம்ல. மெஷின் பொய் சொல்லுது” என்று கோபித்துக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டே அதையே எழுதினாள்.

சாவிக்காரர் வந்து தாளை எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பள்ளியின் சாவிக்கொத்தை இடுப்பில் சுமக்கிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான்.

“இது அந்தக் காலத்து மைப்பென்சில் எழுத்தும்மா. ஈரம் பட்டா ஊதா ஆயிடும். அப்புறம் தேச்சாலும் போகாது” என்றார்.

“நான் எழுதினது இந்தப் பென்சில்ல.”

“பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். இந்தக் கூளத்துல எங்கயாவது ஒண்ணு கிடந்திருக்கும், மாத்தி எடுத்திருப்பீங்க. மழைக் காத்து வேற.”

சரியாகத்தான் சொல்கிறார் என்று அவள் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வெளியே மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது, அந்த அறையின் உயரமான ஜன்னல்களில் முன்னொரு காலத்தில் கொசு வளர்ப்புக்காக அடித்த கம்பி வலை இன்னும் இருந்ததால் பகல் வெளிச்சமே சல்லடையில் சலித்ததுபோல் மங்கலாக மேஜைமேல் விழுந்தது, பழைய காகித வாசனைக்கும் அந்துருண்டை வாசனைக்கும் நடுவில் இதுவரை அவள் மூக்குக்குப் பழகாத ஒரு கசப்பு நெடி, யாரோ இப்போதுதான் பக்கத்தில் நின்று மருந்துப் புட்டியைத் திறந்து மூடியதுபோல், வருவதும் போவதுமாக இருந்தது. அவள் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மதியம் இரண்டு மணிக்குக் கணவர் போன் செய்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

“வகுப்பு நடுவுல குளிர் எடுத்துடுச்சு. பல்லு தந்தியடிக்குது. கத்துக்க வந்த அம்மாதான் என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டாங்க” என்றார். “நல்லா ஓட்டறாங்க. பாஸ் போட்டுடலாம்.”

“எவ்வளவு இருக்கு?”

“நூத்தி மூணு புள்ளி ஆறு.”

அவள் அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை இரண்டு முறை சோதித்தார்கள். ஒன்றுமே இல்லை. மாத்திரை கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் போனில் குறித்துக்கொண்டாள். புதன்கிழமை உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்து, காலில் செருப்பு மாட்டக்கூடத் தெம்பில்லாமல் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். பதினாறு வருஷமாக அந்த மனுஷனிடம் அவளுக்குப் பிடிக்காதது ஆயிரம் இருந்தது. அந்த மனுஷன் இல்லாத வீட்டை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மூன்றாவது முறையாகக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கென்று கண்காட்சிக்குப் படம் எடுக்கிறவர் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

“போயிட்டு வந்துடு” என்றார் கணவர், போர்வைக்குள் இருந்து. “நான் எங்க ஓடப் போறேன். காய்ச்சலைப் பாத்து மெசேஜ் போடறேன்.”

படக்காரர் மழையைச் சாக்காகச் சொல்லி வரவில்லை. ஆவண அறையில் அந்தக் கசப்பு நெடி இப்போது மூலைமுடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. மின்விசிறியைப் போட்டும் அது அசையவில்லை. வந்ததற்குத் தாளையாவது எடுத்து வைப்போம் என்று அவள் அலமாரியைத் திறந்தாள்.

நாற்பத்தொன்றாவது தாளில் ஊதாப் புள்ளிகள் இருந்தன.

புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. மெல்லிய கோடு, கை நடுங்காத கோடு. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. முதலில் கோபம்தான் வந்தது, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று. பிறகு போனை எடுத்தாள். செவ்வாய் இரண்டு மணி, 103.6. தாளிலும் 103.6. செவ்வாய் ஆறு மணி, 104.8. தாளிலும் அதுவே. புதன் முழுக்க 98. வியாழன். வெள்ளி. இன்று காலை பத்து மணி.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

பத்து மணிப் புள்ளிக்கு அப்புறமும் ஒரு புள்ளி இருந்தது. இன்றைய இரண்டு மணிக் கட்டத்தில். 105.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று இருபது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மழை. கம்பி வலை. கடிகாரம். நெடி. இது எல்லாம் தற்செயல் என்று தனக்குத் தானே ஒரு நூறு தடவை சொல்லியிருப்பாள். சரியாக இரண்டு மணிக்குப் போன் துடித்தது.

“105. தல சுத்துது. சீக்கிரம் வா.”

ஓடிப்போய்விடத்தான் கால் துடித்தது. போய் என்ன செய்வது? அவள் மற்ற நாற்பது தாள்களையும் இழுத்து மேஜையில் கொட்டினாள். அவற்றை நூறு முறை பார்த்தவள்தான். இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. எல்லாக் கோடுகளும் ஐந்தாம் நாள் இரண்டு மணி வரை ஏறி வந்தன. ஆறு மணிக் கட்டத்தில் புள்ளி இல்லை, ஒரு சிறிய படுக்கைக் கோடு மட்டும். முதல் தாளில். இரண்டாவது தாளில். நாற்பதாவது தாளில். செத்தார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ‘ஐந்து நாட்களில் ஆய்வு இனிதே நிறைவுற்றது’ என்று நூலில் எழுதியது அவள்தான். அந்தப் படுக்கைக் கோடு என்னவென்று அப்போதே அவளுக்குத் தெரியும். பெருமையாக எழுதுங்கள் என்று இயக்குநர் சொன்னார், அவளும் எழுதிக் கொடுத்தாள். அந்த ‘இனிதே’ இப்போது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

செவ்வாய் முதல் நாள். இன்று ஐந்தாம் நாள்.

ரப்பரை எடுத்து, ‘ஆண், 44, 81’ என்பதைத் தேய்த்தாள். ஊதா பரவியதே தவிர ஒரு எழுத்தும் அழியவில்லை. தாளைக் கிழித்தால்? கிழித்தால் அவரும் அதோடு போய்விடுவாரோ என்று கை பின்வாங்கியது. முதல் கோப்பில் தலைவரின் கையெழுத்தில் ஆய்வு விதிகள் இருந்தன. கண்காட்சிக்காக அதைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். பெயர் எழுதக்கூடாது. நேரம் தவறக்கூடாது. ஆய்வு முடியும் வரை மருந்து கூடாது. நான்காவது விதியில் அவள் விரல் நின்றது. எந்த எண்ணும் காலியாக இருக்கக்கூடாது, ஒருவர் விலகினால் அதே எண்ணில் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும், விலகியவரே புதியவரைக் கவனித்துக் குறித்து வர வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. சாவிக்காரர்.

“வீட்டுல உடம்பு சரியில்லைனீங்களேம்மா. குடை இருக்கா? இல்லைனா என்னோடத எடுத்துட்டுப் போங்க. நான் எப்ப வேணா போய்க்கலாம்.”

போன மாதம் பள்ளியில் நடந்த உடல் பரிசோதனை முகாமில் அவர் தராசில் ஏறி இறங்கி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது அவள் காதில் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதிலும் அறுபத்திரண்டு கிலோ, ஒரு சுற்று கூடவில்லை. ஆண், 59, 62. பெயர் வேண்டாம், மனதில் ஆள் இருந்தால் போதும். பென்சில் முனை தாளைத் தொட்டேவிட்டது. அவர் குடையை உதறி, கைப்பிடியைத் தன் சட்டையில் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தன்னை நினைத்து அவளுக்கே கூசியது.

பழைய வரியை ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே எழுதினாள்.

பெண். 39. 58.

கணவர் கவனித்துக்கொள்ளட்டும், அவளுக்கு ஒரு தலைவலி என்றால் வீட்டில் மாத்திரை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன், இந்த ஒரு தடவை கவனிக்கட்டும். இப்படி நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கையை எடுப்பதற்குள் எழுத்து ஊதாவாகியிருந்தது. போன் துடித்தது.

“சட்டுனு வேர்த்து கொட்டிடுச்சு. 98.4. பசிக்குது.”

தாளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சாவிக்காரரின் கொத்தில் அவளே மாட்டிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறியதும் முதுகுத்தண்டில் குளிர் தொடங்கியது. ஜன்னலை மூடச் சொன்னாள். மூடித்தான் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சால்வையைக் கொடுத்தாள். அப்போதும் குளிர் நிற்கவில்லை. ஆனாலும் அவளுக்குள் பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு வழி தேடலாம், இரண்டு பேராகத் தேடலாம்.

மழைத் தண்ணீரில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, அவள் வீட்டு வாசலை அடைந்தபோது ஆறு மணி ஆக ஐந்து நிமிடம். அவள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. கணவர் குளித்து, முகம் மழித்து, தலை வாரி நின்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. அவர் மார்பில் சாய்ந்து அழுதுவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்குப் பிடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

“என்னங்க?”

எண்ணி முடித்து, மணிக்கட்டை விடாமல் உள்ளே அழைத்துப் போனார். படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வெள்ளை விரிப்பு, நான்கு மூலையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தது. ஒரு துண்டைக்கூட மடிக்கத் தெரியாதவர். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அந்த நெடி. கசப்பு நெடி. இங்கேயும்.

தலைமாட்டுச் சுவரில் நாற்பத்தொன்றாவது தாள் மாட்டியிருந்தது.

அவள் அதை நெருங்கிப் பார்ப்பதற்குள் அவர் படுக்க வைத்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினார். கைகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

“என் பையில மாத்திரை இருக்குங்க. எடுத்துக் குடுங்க.”

அவர் பையை எடுத்தார். அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

“முடியற வரைக்கும் மருந்து கூடாதும்மா” என்றார். குரல் கனிவாக இருந்தது. அவ்வளவு கனிவாக அவர் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

“நான்தாங்க. என்னைப் பாருங்க.”

தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் வந்தது. கண்ணாடி. குளிர். மணி ஆறு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி ஆறு மணிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதன் பிறகுதான் தெர்மாமீட்டரை உருவினார். அதைப் பார்க்கவில்லை. துடைத்து டம்ளரில் போட்டார்.

அவள் கண் ஓரத்தில் இருந்து ஒரு சொட்டு வழிந்து காதை நோக்கி இறங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து, முகத்துக்கு மிக அருகில் வந்து, அது தலையணையில் விழும் வரை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளின் ஓரத்தில், நேரத்தைப் போட்டு, ‘கண்ணீர்’ என்று எழுதினார்.