மூன்று முறை எரிந்த சிவப்பு விளக்கு

கார் திரும்பி வந்துவிட்டது. ஓட்டிப் போனவர் வரவில்லை!

லாரியில் கட்டி இழுத்து வந்து, தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டு மேட்டில் இருந்த சவுரிமுத்துவின் மெக்கானிக் ஷெட்டில் போட்டார்கள். மூக்கு நசுங்கிய அம்பாசடர். ஸ்டியரிங் முழுக்க ரத்தம்...

வில்பிரட் வாத்தியாரின் ரத்தம்.

சவுரிமுத்து சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினான். கை நெற்றியைத் தொடவில்லை.

பளார்!

கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"பாவி! நேத்துத்தானடா பிரேக் ரிப்பேர் பண்ணிக் குடுத்தே?"

அடித்தவன் தனசிங். வில்பிரட்டின் தங்கை தபீதாளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சர்ச்சில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது... கடைசி ஓலை.

இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணன் அவனை விலக்கினார்.

"போதும் மிஸ்டர் தனசிங். நீங்க பார்த்ததை இவனுக்கும் சொல்லுங்க."

"காலையில ஆறு மணி சார். ஊரப்பாக்கம் பக்கம். அண்ணன் கார்ல முன்னால போனார், நான் ஸ்கூட்டர்ல பின்னால. குறுக்க ஒரு மாடு! பிரேக்கை மிதிச்சார். பின்னால சிவப்பு லைட் எரிஞ்சது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை! வண்டி நிக்கவே இல்ல சார்... நேரா புளியமரம்!"

தனசிங் கர்ச்சீப்பில் முகத்தைப் புதைத்தான். கண்ணீர் வந்ததா என்பது கர்ச்சீப்புக்குத்தான் வெளிச்சம்.

"நான் பாத்த வேலைல கோளாறு வராது சார்!" சவுரிமுத்து ரத்தத்தைத் துப்பினான். "பத்து நிமிசம் வண்டியப் பாக்க வுடுங்க."

"பாரு. ஒண்ணும் கிடைக்கலேன்னா உனக்கு விலங்குதான்."

விலங்கு விழுந்தால் ஷெட்டும் போச்சு, மானமும் போச்சு.

பெடலைக் கையால் அமுக்கினான். சொத்தென்று தரையைத் தொட்டது. அடியில் படுத்துத் தவழ்ந்தான். பிரேக் பைப் இரண்டு துண்டாகத் தொங்கியது. வெட்டு வாயை விரலால் தடவினான்.

"சார்! இது தானா அறுந்ததில்ல. ரம்பம் போட்டு அறுத்துக்கீது!"

"அறுத்தவனே நீதானடா!" தனசிங் சீறினான்.

சவுரிமுத்து மல்லாந்தபடியே யோசித்தான். தலை வெளியே வந்தபோது வாயோரம் ரத்தத்தோடு ஒரு சிரிப்பும் இருந்தது.

"அண்ணா, சிவப்பு லைட் எரிஞ்சத நெசமா பாத்தீங்க?"

"இந்தக் கண்ணால! மூணு தடவை!"

"பெடலை மிதிச்சா லைட் எரியும்னு நெனச்சுக்கினீங்களா? பைப்ல ஒரு சுவிட்ச் கீது. பிரேக் ஆயில் அழுத்தினாத்தான் அது லைட்டப் போடும். பைப் அறுந்தா ஆயில் பூரா கீழே. அப்புறம் முப்பது தரம் மிதிச்சாலும் எரியாது!"

தனசிங்கின் முகம் வெளிறியது.

"மூணு தரம் எரிஞ்சுதுன்னா, அப்ப பைப் நல்லா இருந்துச்சு. வண்டி மோதின பின்னாடிதான் அறுத்துக்கீறாங்க. எரியலேன்னா நீங்க பாக்கவே இல்ல. எப்படிப் பாத்தாலும் பொய்தாண்ணா!"

"முன்னால மோதினவருக்குப் பின்மண்டை எப்படிப் பொளந்துச்சுன்னு நானும் காலையிலேர்ந்து குழம்பிட்டிருக்கேன்." அரிகிருஷ்ணன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "கார்ல கிடந்த பைபிளுக்குள்ள இருந்தது. 'என் புருஷன் தனசிங்'னு திருநெல்வேலியிலேர்ந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கா. வில்பிரட் இதைப் பாதிரியார்கிட்ட காட்டத்தானே போனார்?"

"லெட்டர் காத்தாலேர்ந்து உங்ககிட்டயா இருந்துச்சு? அப்ப என்னை ஏன் சார் அடிக்க வுட்டீங்க?"

"அவன் வாயால இன்னும் கொஞ்சம் வரட்டும்னுதான்..."

வாயால் வரவில்லை. கையால் வந்தது!

தரையில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துச் சுழற்றினான் தனசிங். துப்பாக்கியை உருவிய இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டு மடக்கென்று முறிந்தது. துப்பாக்கி தெறித்தது. அடுத்த வீச்சு சவுரிமுத்துவின் தோளில்!

"ஓலையை நிறுத்திடுவேன்னான்... மண்டையைப் பொளந்தேன், காரை மரத்துல மோத விட்டேன்! உங்களையும் பொளப்பேன்!"

இன்ஸ்பெக்டர் இடது கையால் துப்பாக்கியைத் துழாவினார். தனசிங் ஓடினான். அவன் ஸ்கூட்டர் நாலு உதை வாங்காமல் கிளம்பாது. ரிப்பேருக்கு வந்திருந்த ரொட்டி வேன் சாவியோடு நின்றது. டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எட்டி உதைத்துவிட்டுத் தாவி ஏறினான். வேன் உறுமிக்கொண்டு சரிவில் பாய்ந்தது.

"அண்ணா, எறங்கு! அதுல பிரேக்..."

சவுரிமுத்துவின் அலறல் அவனை எட்டவில்லை. ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

டமார்!

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ரொட்டிகளுக்கு நடுவே தனசிங். ஸ்டியரிங் நெஞ்சுக்குள் போயிருந்தது. வலது கால் மட்டும் பெடலைத் தரையோடு தரையாக மிதித்தபடி விறைத்திருந்தது.

"வேன் ரோட்டுக்கு இறங்குற வரைக்கும் பின்னாலயே பார்த்தேன்யா." இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்தபடி முனகினார். "இந்த மிதி மிதிச்சிருக்கான்... லைட் ஒரு தடவைகூட எரியலையே!"

"பிரேக் பைப்பை நேத்தே கழட்டி வெச்சேன் சார்." ஆடிய பல்லைப் பிடுங்கி எறிந்தான் சவுரிமுத்து. "எரியாதுன்னு நான் வாயாலதான் சொன்னேன்... இப்ப அவரே மிதிச்சுப் பாத்துக்கினாரு!"