இறங்குதுறைப் பலகைகள்

மாத்தளைப் பக்கம் வஹகோட்டையில் பூட்டிக் கிடந்த குடும்ப வீட்டுக்கு ஞானரட்ணம் மாலையில் தனியாக வந்து சேர்ந்தார். மறுநாள் லொறி வரும். முன்கூடத்துத் தரைப் பலகைகளைப் பெயர்த்து மன்னார்க் கரைக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்த பழைய இறங்குதுறையின் பலகைகள் அவை. துறை கைவிடப்பட்டபோது, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கூட்டி வரும் பெரிய கங்காணியாக, கோட்டும் தலைப்பாவுமாகத் திரிந்த அவருடைய தாத்தா கொண்டுவந்து பதித்தவை. இப்போது அந்தத் துறையைப் பழையபடி கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

பதிலுக்கு ஞானரட்ணம் கேட்டது ஒன்றுதான். துறை வாசலில் கல் நாட்டி, தாத்தாவின் பெயரோடு 'கூட்டி வந்தவர்களில் ஒருவரையும் கைவிடாதவர்' என்று பொறிக்க வேண்டும். குடும்பத்தின் மானமே அந்த வரியில்தான் இருந்தது.

அத்தை சவரியம்மா மட்டும் சாகும் முன் வேறு கதை சொன்னாள். கங்காணி 'எறங்கு' என்று சொல்லாமல் ஆட்கள் கரையில் கால் வைக்க முடியாத காலம். வாந்திபேதி கண்டவர்களுக்குத் தாத்தா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர்களைத் துறையிலேயே சாக விட்டுவிட்டு, மற்றவர்களோடு மாத்தளைக்கு வந்துவிட்டார். நோயாளியின் பிதற்றல் என்று வீட்டார் ஒதுக்கினார்கள்.

மழை பிடித்தது. கரண்ட் போனது.

முதலில் வந்தது வாடை. மிளகுக் கொடியும் ஈரமண்ணும் மணக்க வேண்டிய இடத்தில் உப்பும் பாசியும் வீசின.

பலகை முனகியது.

கூரை ஒழுகவில்லை. ஆனாலும் தரை நனைந்திருந்தது. ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக நடந்து வந்து வாசற்படிக்கு உள்ளேயே நின்றன. ஆள் யாரும் கண்ணில் படவில்லை.

"கங்காணி ஐயா," ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "எறங்கலாமுங்களா?"

 ஞானரட்ணம் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்க தாத்தா யாரையும் விட்டுட்டு வரல."



"அப்ப நாங்க யாருங்க?"

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கல்லில் பொறிக்கும் வரி பொய்யாகிவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகை ஓயவில்லை.

"எறங்குங்க," என்றார் கடைசியில். "எல்லாரும் எறங்குங்க."

காலடிகள் படி தாண்டி, மழைக்குள் மலைப்பக்கம் போயின. போய்க்கொண்டே இருந்தன.

காலையில் லொறிக்கார றினோஸிடம், கல் நாட்ட வேண்டாமென்று துறையில் சொல்லிவிடச் சொன்னார். அவன் காரணம் கேட்டான். இவர் பெயர்த்த பலகையைத் தூக்கிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து றினோஸ் துறையிலிருந்து போன் எடுத்தான். பலகை அடித்து முடிந்ததாம்.

"ஆனா ஐயா, எல்லாரும் போன பொறகும் பலகையில ஒருத்தர் நிக்கிறாரு. கோட்டு, தலைப்பா. கடலையே பாத்துக்கிட்டு இருக்காரு, கூப்பிட்டா அசையல. உங்க சாடையாத் தெரியுது. உங்க ஆளுங்களா?"



"ஆமாப்பா," என்றார் ஞானரட்ணம். "எங்க ஆளுதான்."

அந்தப் பக்கம் றினோஸின் மூச்சு இரைத்தது.

"இப்ப எம் பக்கம் திரும்பிட்டாருங்க."