துறைமுகத்துக்கு வராத திமிங்கிலம்

திருகோணமலைக்கு அருகே கிண்ணியாப் பள்ளிக்கூடம் ஒன்றில் காலைக்கூட்டம் என்றால் ‘இதே நாளில்’ இல்லாமல் முடியாது. ஒரு பிள்ளை மைக்கில் வந்து, முன்னொரு காலத்தில் அதே திகதியில் என்னென்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் ஆறாம் ஆண்டு அப்ராவின் முறை. மைக்கைக் கண்டால் அவள் விடுவாளா?

திங்கட்கிழமை, யூலை இருபது. மனிதன் நிலவில் கால் வைத்த நாள் என்றாள். ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். புரூஸ் லீ இறந்த நாளும் இதுதான் என்றாள். அவ்வளவுதான், பெரிய வகுப்புப் பையன்கள் வரிசையில் நின்றபடியே காலைத் தூக்கி உதைக்கத் தொடங்கிவிட்டார்கள்!

அந்தப் புகழில் மிதந்தவள் அடுத்த நாளுக்கு ஒன்றும் தேடவில்லை. மைக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் நினைவு வந்தது. முழுப் பள்ளிக்கூடமும் அவளையே பார்த்தது. வாய் தானாகத் திறந்தது.

“ஐம்பது வருடங்களுக்கு முன்னர் இதே நாளில், திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு நீலத் திமிங்கிலம் வந்தது!”

சொல்லிவிட்டு இறங்கப் போனாள். அதற்குள் அதிபர் முத்தலிப் சேர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளைகள், நானும் கண்டனான்! வாப்பா தோளில தூக்கி வச்சுக் காட்டினவர். மலை மாதிரி! தண்ணியப் பீச்சி அடிச்சிது, எண்ட சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு!”

அப்ராவுக்குத் தலை சுற்றியது. இப்போதுதான் அவள் வாயில் பிறந்த திமிங்கிலம், சேரை எப்படி நனைத்தது?

இடைவேளைக்குள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகளில் எல்லாம் திமிங்கிலப் படம். சித்திர ஆசிரியை பஸ்மியா ரீச்சர் நீலப் பெயின்ற் வாளியோடு வந்தார். நாளைக்கு வாசல் மதிலில் திமிங்கிலத்தைக் கீறி, கீழே திகதியும் போட வேண்டுமாம். அதிபரின் கட்டளை.

வீட்டில் தம்பி றுவைஸ் விடவில்லை. முதலாம் ஆண்டல்லவா!

“ராத்தா, அது திரும்பி அதுட உம்மாட்டப் போச்சா?”

“போச்சு, போச்சு. சோத்தைத் தின்.”

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. உம்மாவின் போனை எடுத்து மெல்லத் தேடினாள். யூலை இருபத்தொன்று: உலகத்தின் முதல் பெண் பிரதமர் பதவியேற்ற நாள். அதுவும் இலங்கையில்! இவ்வளவு பெரிய உண்மை எடுக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. அவள் பொய்யை எடுத்திருக்கிறாள். காது மடல் சுட்டது. பக்கத்தில் றுவைஸ் தன் திமிங்கிலப் படத்தைத் தலையணைக்குக் கீழே பத்திரமாக வைத்தான். அதைப் பார்க்கவும் அவளுக்கு ஏலவில்லை.

காலையில் நேரே அதிபரின் அறைக்குப் போனாள்.

“சேர், திமிங்கிலம் வரல்ல. நான் பொய் சொன்னனான்.”

அதிபரின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

“நல்லா யோசிச்சுப் பாருங்க மகள். வந்திருக்குமே?”

“இல்ல சேர். நான்தான் வாயால விட்டனான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். தன் பொய்க்குள் சேரையும் இழுத்துவிட்டோமே என்று அப்ரா கூனிப்போனாள்.

“கூட்டத்தில சொல்லப் போறீங்களா?” என்றார், சின்னக் குரலில்.

“ஓம் சேர். எண்ட பொய்ய மட்டும்தான். உங்கட சட்டை நனைஞ்சதப் பத்தி வாயே திறக்க மாட்டன்.”

சொன்னபடி சொன்னாள். பின்வரிசையில் ஒருவன், “ஏய் திமிங்கிலம், கடலுக்குப் போ!” என்றான். அப்ரா குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது முன்வரிசையில் இருந்து றுவைஸ் கத்தினான். “அப்ப சேர் கண்டது என்ன?”

எல்லாத் தலைகளும் அதிபர் பக்கம் திரும்பின.

அப்ரா பதறிப்போனாள். “தம்பி, சேர் அப்ப சின்னப் புள்ள. இருட்டா இருந்திருக்கும், கப்பலா இருந்திருக்கும்...”

அதிபர் மெதுவாக மைக்கை வாங்கினார். அவர் காதும் சிவந்திருந்தது.

“நான் ஒண்டும் காணல்ல மகன். நீங்க எல்லாரும் ஆசையாக் கேட்டுக்கொண்டு நிண்டீங்க. எண்ட வாயும் சும்மா இருக்கல்ல.”

சொல்லிவிட்டு அப்ராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சப்பாத்தைப் பார்த்தார்கள்.

பஸ்மியா ரீச்சர் மதிலில் கடலை மட்டும் கீறினார். நடுவில் பெரிய வெற்றிடம். “நிசமா ஒரு நாள் வந்தா, கீற இடம் வேணுமே” என்றார்.

அடுத்த வருடம் யூலை இருபத்தொன்று. கெஞ்சிக் கூத்தாடி அந்த முறையை வாங்கிக்கொண்டு மைக்குக்கு வந்தான் றுவைஸ். முதல் பெண் பிரதமரைப் பற்றிச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“போன வருடம் இதே நாளில், எங்கள் துறைமுகத்துக்குத் திமிங்கிலம் வரவில்லை!”

முதலில் கைதட்டியவர் அதிபர்தான். அவரையும் முந்தப் பார்த்தாள் அப்ரா.